கெஷே சொன்னதும் சம்டென் சொன்னதும்

— கத்தியைக் கீழை வையும் தம்பி. கரட்டை நான் வெட்டுறன். நீர் விரலை வெட்டிப்போடுவீர்.

— வெட்டிக்க மாட்டேங்கக்கா. நாளைக்கு நாப்பது பேருக்குச் சாப்பாடு. நீங்க ஒருத்தரா எப்படிச் செய்வீங்க?

— எட்டு வருசமா நான் ஒருத்திதானே இந்த ஆச்சிரமத்துக்குச் சமைக்கிறன். இதிலை இரும். காலமை ஒன்பது மணிக்குச் சங்கத்தின்ரை கூட்டத்துக்கு எண்டு மேலை போனனீர். போகேக்கை, இண்டைக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடுவன் அக்கா எண்டனீர். இப்ப பதினொண்டு. முகத்தைப் பாத்தா அடி வாங்கின ஆள் மாதிரிக் கிடக்கு.

— அடிக்கலீங்க. அடிச்சிருந்தாத் தேவலை. கையைப் பிடிச்சுத் தடவிக் குடுத்தாங்க.

— என்னத்தைச் சொன்னனீர்?

— உங்ககிட்டச் சொன்னா நீங்க என்னைக் காறித் துப்புவீங்க.

— துப்பிறதைப் பேந்து பாப்பம். உம்மடை வாயாலை சொல்லும்.

— பிப்ரவரியில எங்க புது வருசம் வந்துதுங்களே, லோசார். அன்னிக்குத்தான் நம்ம குரு கெஷே-லா கடைசியா மேடையில உக்காந்து பேசினாரு. நீங்க டீ எடுத்துட்டு வந்து பின்னாடி நின்னீங்க.

— ஓம், நிண்டனான். சுவாமி திபெத்துப் பாசையிலை சொல்லச் சொல்ல நீர் ஜேர்மன் பாசையிலை சொன்னனீர். சனம் முழுக்க அழுதது.

— எதுக்கு அழுதாங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?

— மறப்பனே? "எனக்கு இனிப் போக வேறை இடம் இல்லை, நீங்கள் இருக்கிற இடம்தான் என்ரை வீடு." நாளைக்கு ஊர்ச் சவக்காலையிலை சுவாமியின்ரை சாம்பலைப் புதைக்கப் போயினம். அந்தக் கல்லிலையும் அதைத்தானே வெட்டி வைச்சிருக்கினம்.

— கெஷே-லா அதைச் சொல்லலீங்கக்கா.

— பின்னை என்ன சொன்னவர்?

— எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சு, நான் ஊருக்குப் போகணும்னாரு. என் பாஷை பேசறவங்க நடுவுல சாகணும்னாரு. இத்தனை வருசம் நீங்க கேட்டதை நான் குடுத்தேன், இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், என்னைக் கொண்டுபோய் விட்டுருங்கன்னு கை கூப்பினாரு. அவரு கை கூப்பினதைப் பாத்துட்டுத்தான் அவங்க அழுதாங்க. வார்த்தை என்னுது.

— ஊர் எண்டு எதைச் சொன்னவர்? திபெத்தையோ?

— திபெத்துக்கு யாருங்க விடுவாங்க? மைசூர்ப் பக்கம் எங்க ஆளுங்களுக்குக் காட்டை வெட்டிக் குடுத்த இடம் இருக்குது. சோளக்காடு, ஒரு மடம், அவரோட தங்கச்சி வீடு. அங்க இருந்து வந்தவருதானே. அதைத்தான் ஊருன்னாரு. நானும் அங்க பொறந்தவன்தான்.

— ஏன் மாத்தினனீர்?

— அது ஒரு நாள்ல வந்த பழக்கம் இல்லீங்க. வந்த புதுசுல உள்ளது உள்ளபடிதான் சொன்னேன். ஒரு நாள் கெஷே-லா நரகத்தைப் பத்திப் பேசினாரு. எண்ணெய்க் கொப்பரை, எரியற இரும்பு, எல்லாம் விலாவாரியா. பேச்சு முடிஞ்சதும் தலைவி றைன்ஹில்ட் மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. இங்க சின்ன வயசுல சர்ச்சுல பயமுறுத்தப்பட்டவங்கதான் நிறையப் பேர், அந்தப் பயத்துல இருந்து தப்பிச்சுத்தான் இங்க வராங்க, நரகம்னு சொல்லாம மனசோட நிலைன்னு சொல்லலாமேன்னாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. சொன்னேன்.

— அதிலை துவங்கினது.

— அதுல தொடங்கினதுதான். அப்புறம் பேய், பிசாசு, காவல் தெய்வம் எல்லாம் போச்சு. விழுந்து கும்பிடறது உடற்பயிற்சி ஆச்சு. ஒரு தடவை கெஷே-லாவுக்குக் கோபம் வந்துருச்சுங்க. உங்க பெத்தவங்களை முதியோர் இல்லத்துல விட்டுட்டு இங்க வந்து எல்லா உயிரும் என் தாய்னு கண்ணை மூடி உக்காந்திருக்கீங்களே, முதல்ல எந்திரிச்சுப் போய் அவங்களைப் பாருங்கன்னு திட்டினாரு.

— அதை என்னெண்டு சொன்னனீர்?

— உங்க மேல நீங்களே கருணையா இருங்கன்னு சொன்னேன்.

— அட கடவுளே.

— எல்லாரும் அழுதாங்க. அன்னிக்கு வந்த ஒரு டாக்டர் அம்மா, வாழ்க்கையில முதல் தடவையா யாரோ என்னைப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லிக் கெஷே-லா காலைத் தொட்டாங்க. திட்டு உறைச்சிருச்சுன்னு கெஷே-லாவுக்கு சந்தோசம். நான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சிரிச்சேன். போன வருசம் அந்தப் பேச்செல்லாம் சேத்துப் புத்தகமாப் போட்டாங்களே, அட்டையில அவரு படம். உள்ள இருக்கிறதுல பாதி நான் கோயம்புத்தூர்ல ஸ்வெட்டர் விக்கறப்ப வாடிக்கைக்காரங்ககிட்டப் பேசின பேச்சுங்க. நல்லா இருக்குங்க, உங்களுக்குப் பொருந்துதுங்க, நீங்க எதைப் போட்டாலும் அழகுங்க. அதான்.

— என்னட்டையும் மாத்தித்தான் சொன்னனீரோ? நான் வேலைக்கு வந்த முதல் நாள் வாசலிலை அந்தப் பெரிய புத்தர் சிலையைக் கண்டிட்டுத் திரும்பிப் போக வெளிக்கிட்டனான். எங்கடை மன்னாரிலை றோட்டுக்கரையிலை ஆமி காம்ப் போட்டா, அடுத்த கிழமை அதிலை ஒரு அரசங்கண்டும் புத்தரும் வந்திடும். அதுக்குப் பக்கத்திலைதான் எங்கடை பெடியளை நிப்பாட்டிச் செக் பண்ணிறது. என்ரை மனுசன் அல்பேர்ட் இண்டைக்கும் சொல்லுவார், உலகத்திலை வேறை வேலை இல்லாமல் இந்த மனுசி புத்தற்றை வீட்டுக் குசினிக்குப் போனது எண்டு. அண்டைக்குச் சுவாமி தன்ரை கோப்பையைத் தானே கழுவ எண்டு வந்தவர். நான் ஏன் வெளியிலை நிக்கிறன் எண்டு உம்மட்டைக் கேட்டவர். நீர் எனக்குத் தமிழிலை ஒரு மறுமொழி சொன்னனீர்.

— சொன்னேங்க. உங்க ஊர்ல பட்டாளம் புத்தரைக் கொண்டாந்து வெச்சாங்க, எங்க ஊர்ல பட்டாளம் புத்தரை உடைச்சாங்க, பட்டாளம் ஒண்ணுதான், உள்ள வாங்கன்னாரு.

— அது அவர் சொன்னதோ, நீர் சொன்னதோ?

— அவரு சொன்னதுதாங்க. உங்ககிட்ட ஒண்ணையும் மாத்தலை. மாத்திப் பேசற அளவுக்கு எனக்குத் தமிழ் வராது.

— சரி. அந்தப் புது வருசத்துக்கு வாரும். திட்டினதை மாத்தினது ஒண்டு. வீட்டை கொண்டுபோய் விடச்சொல்லி ஒரு கிழவன் கும்பிட்டுக் கேட்டதை மாத்தினது வேறை. அதுக்கு ஒரு காரணம் இருக்க வேணும்.

— என் விசாவுல என்ன எழுதியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? மொழிபெயர்ப்பாளர், இந்தக் குரு இங்க இருக்கிற வரைக்கும். அவரு பிளேன் ஏறினா அன்னியோட என் விசாவும் முடிஞ்சுது. அன்னிக்கு எனக்கு இன்னும் பத்து மாசம்தான் பாக்கி. பத்து மாசம் ஓட்டிட்டா நிரந்தரமா இருக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க.

— போயிருந்தா என்ன? உமக்கு அங்கை ஆக்கள் இருக்கினம்தானே?

— நான் இந்தியாவுல பொறந்தவன். ஆனா வருசா வருசம் போலீஸ் ஆபீசுக்குப் போய் வெளிநாட்டான்னு முத்திரை குத்திட்டு வரணும். குளிர் காலத்துல அம்மாவும் நானும் கோயம்புத்தூர் ரோட்டோரமா ஸ்வெட்டரைத் தொங்க விட்டுட்டு நிப்போம். நேபாளின்னு கூப்பிடுவாங்க, சீனாக்காரன்னு கூப்பிடுவாங்க. இல்லீங்கன்னு சொல்லிச் சொல்லி அம்மா கடைசியில விட்டுருச்சு. இங்க வந்த முதல் வாரம் றைன்ஹில்ட் மேடம் எல்லார் முன்னாடியும் நிறுத்தி, இவர் திபெத்தியர்னாங்க. என் வாழ்க்கையில அதை வேற ஆளு வாயில கேட்டது அன்னிக்குத்தான். விட மனசு வரலீங்க.

— ம்.

— அதுலயும் ஒரு கூத்துங்க. பனி மலையைப் பத்திக் கேப்பாங்க. நான் பனியை முதல்ல பாத்ததே பிராங்பேர்ட்ல பிளேன் எறங்கின அன்னிக்குத்தான். எங்க வீட்டுக் காலண்டர்ல இருந்த படத்தை நெனைச்சுச் சொல்லுவேன். அவங்களுக்கு வேணுங்கற திபெத்தியன் காலண்டர்ல இருக்கறவன். சோளக்காட்டுல பொறந்தவன் இல்லை.

— அதாலை பத்து மாசம் பொறுக்கட்டும் எண்டு நினைச்சனீர்.

— அப்படித்தாங்க. டிசம்பர்ல என் பேப்பர் வந்ததும் உண்மையைச் சொல்லி, நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரலாம்னு இருந்தேன். அவரு நல்லா நடந்துட்டுத்தான் இருந்தாரு. மாடி ஏறினாரு. செத்துப் போவாருன்னு நான் நெனைக்கலை.

— தான் கேட்டது என்னாச்செண்டு அவர் உம்மட்டைக் கேக்கேல்லையோ?

— தினமும் கேட்டாருங்க. காலையில சுடுதண்ணி கொண்டு போவேன். சம்டென், தேதி சொல்லிட்டாங்களாம்பாரு. இல்லீங்க கெஷே-லா, உங்க பயணப் புத்தகத்தைப் புதுப்பிக்கணும், டெல்லியில இருந்து கடுதாசி வரணும்பேன். சரின்னு தலையை ஆட்டிட்டுத் தண்ணியைக் குடிப்பாரு. அடுத்த நாள் மறுபடியும் கேப்பாரு. கோபமே இல்லாமக் கேப்பாரு. துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில வெச்சிருந்தாரு. மார்ச், ஏப்ரல், மே. ஆகஸ்ட்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற அன்னிக்குக் காலையிலயும் கேட்டாரு.

— அண்டைக்கு என்ன சொன்னனீர்?

— அடுத்த வாரம்னு சொன்னேன்.

— உம்மோடை நான் கோபிக்க வேணும் தம்பி. கோபிக்கத்தான் வேணும். என்ரை தம்பி எமிலைத் தெரியும்தானே உமக்கு, படத்திலை காட்டினனான். தொண்ணூற்றொண்டிலை அவன்ரை அகதி விசாரணை. அவன் தமிழிலை அரை மணித்தியாலம் சொன்னான். ஆமி பிடிச்சது, பதினேழு நாள் வைச்சிருந்தது, முதுகிலை சிகரட்டாலை சுட்டது. மொழிபெயர்க்க வந்த ஆள் அவசரத்திலை, நாட்டிலை பிரச்சினை எண்டு வந்திருக்கிறார் எண்டு ஒரு வசனத்திலை முடிச்சுப்போட்டுது. அவன் சேட்டைக் கழட்டிக் காட்டவும் இல்லை. எல்லாம் சொல்லியாச்சு எண்டு நினைச்சிட்டான். நாலு வருசத்தாலை கொழும்புக்கு ஏத்தி விட்டவங்கள். அதுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. பேந்து இல்லை.

— நீங்க இதைச் சொன்னதே இல்லையேங்கக்கா.

— உம்மட்டை எப்பிடிச் சொல்லுறது? நீரும் மொழிபெயர்க்கிற ஆள். இப்ப கூட்டத்திலை நடந்ததைச் சொல்லும்.

— ஆறு பேர் மெத்தையில வட்டமா உக்காந்திருந்தாங்க. முதல்ல கெஷே-லா தங்கச்சி எழுதின கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். அண்ணன் உயிரோட வரலை, சாம்பலையாவது அனுப்புங்க, மடத்துல இடம் ஒதுக்கியாச்சு, அதுக்கான பத்திரமும் இதோட வெச்சிருக்கேன்னு எழுதியிருக்குது அந்த அம்மா. அப்புறம் பிப்ரவரியில அவரு என்ன சொன்னாரு, நான் என்ன சொன்னேன்னு சொன்னேன். அன்னிக்குப் பேச்சைப் பதிஞ்ச கேசட் அலமாரியில இருக்குது, திபெத் பாஷை தெரிஞ்ச யாரையாவது வெச்சுக் கேட்டுப் பாத்துக்கங்கன்னும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. ஒருத்தர் மூச்சை நல்லா இழுத்து விட்டாரு.

— பேந்து?

— றைன்ஹில்ட் மேடம் பக்கத்துல வந்து கையைப் பிடிச்சாங்க. நீ துக்கத்துல இருக்கே சம்டென், குற்ற உணர்ச்சியும் துக்கத்தோட ஒரு படிதான்னாங்க. நான் பொய் சொன்னேங்க, துக்கம் இல்லீங்கன்னேன். இன்னொருத்தர் கேட்டாரு, பற்றுத்தான் துன்பத்துக்கு வேருன்னு நமக்குச் சொல்லிக் குடுத்தவர் ஒரு ஊர் மேல பற்று வெச்சிருப்பாரான்னு. வயசான காலத்துல வாய் ஏதோ சொல்லியிருக்கும், நீ அவரோட மனசை மொழிபெயர்த்திருக்கேன்னாங்க.

— கேசட்டை எடுத்துக் கேக்கேல்லையோ?

— தேவையில்லைன்னுட்டாங்க. என்னை நம்பாம இல்லீங்க. நம்பினாங்க. நம்பினாலும் பரவாயில்லைன்னுட்டாங்க. அதான் எனக்குத் தாங்கலை. ஊருக்குப் போகணும்னு ஏங்கிட்டுச் செத்த கிழவனை வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? அவருக்குப் புத்தகம் போட முடியாது, கல்லு வெட்ட முடியாது.

— சாம்பலிலை பாதியாவது அந்த மனுசிக்கு அனுப்பலாமே.

— கேட்டேங்க. இந்த நாட்டுச் சட்டப்படிக் கலசத்தைத் தெறக்கக் கூடாதாம். முழுசா அனுப்பலாம், அதுக்குச் சங்கம் கையெழுத்துப் போடணும். கல்லு வெட்டியாச்சு, சுவிசுல இருந்தெல்லாம் ஆள் வராங்க, இப்ப மாத்த முடியாதுன்னாங்க. தங்கச்சிக்குக் கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பறாங்களாம்.

— அந்த மனுசிக்கு ஜேர்மன் எழுத்து வாசிக்கத் தெரியுமோ?

— தெரியாதுங்க. நான்தான் மொழிபெயர்த்து எழுதி அனுப்பணுமாம்.

— இவ்வளவுதானோ? மேலை இருந்து இறங்கேக்கை கையிலை ஒரு காகிதம் வைச்சிருந்தனீர். இப்ப சட்டைப் பொக்கற்றுக்குள்ளை கிடக்கு.

— அதையும் பாத்துட்டீங்களா? கெஷே-லா போனதும் விசா ஆபீஸ்ல டிசம்பர் வரைக்கும்தான் இருக்க விட்டாங்க, வேலை இல்லாம நிரந்தரம் கிடையாதுன்னுட்டாங்க. மொழிபெயர்க்க ஆள் இல்லைன்னா மொழிபெயர்ப்பாளன் எதுக்கு? அதனால சங்கம் என்னைக் குருவா வெச்சுக்கப் போறாங்க. எட்டு வருசமா எங்களைத் தொட்டது உன் வார்த்தைதானே, அதையே தொடர்ந்து பேசுன்னாங்க. ஒப்பந்தம் தயாரா டைப் பண்ணி வெச்சிருந்தாங்க. அதைக் குடுத்தா ஆபீஸ்ல நிரந்தரம் கிடைச்சிரும். நாளைக்குக் கல்லு வெச்ச பின்னாடி எல்லார் முன்னாடியும் அறிவிப்பாங்களாம்.

— நீர் என்ன செய்தனீர்?

— உண்மையைச் சொல்லத்தானேக்கா போனேன். சொல்லிட்டேன். அதுக்கு அப்புறமும் பேனாவை நீட்டினா நான் என்னங்க பண்ணுவேன்? திரும்பிப் போக ஊர் இல்லை. அங்க போனா கெஷே-லாவைக் கொண்டு வராதவன்னு பாப்பாங்க.

— கையெழுத்து வைச்சனீரோ?

— வெச்சுட்டேங்க.

— இந்தச் சட்டியைக் கொஞ்சம் தூக்கி அடுப்பிலை வையும். எனக்கு ஏலாமல் கிடக்கு.

— சட்டியை வெச்சாச்சுங்க. திட்டவாவது திட்டுங்க.

— திட்டி என்ன? உம்மிலை மட்டுமோ பிழை?

— ஒரே ஒரு ஆறுதல்தாங்கக்கா எனக்கு மிச்சம். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியாது. சங்கத்துக்காரங்க தனக்காகப் பேப்பர் பாத்துட்டு இருக்காங்க, அடுத்த வாரம் ஊருக்குப் போறோம்னு நம்பிட்டுத்தான் கண்ணை மூடினாரு. அந்த ஒண்ணைப் பிடிச்சுட்டுத்தான் நான் படுத்துத் தூங்கறேன்.

— அதையும் உமக்கு விட்டு வைக்கத்தான் பாத்தனான். ஆனா நாளைக்கு நீர் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலை நிண்டு குருவாகப் போறீர். தெரியாமல் நிக்கக் கூடாது.

— என்னதுங்க?

— சுவாமிக்கு ஜேர்மன் விளங்கும்.

— இல்லீங்கக்கா. எட்டு வருசத்துல வணக்கம், நன்றி, அதுக்கு மேல ஒரு வார்த்தை அவரு பேசி நான் கேட்டதில்லை.

— உங்களோடை கதைக்கேல்லை. பிழையாக் கதைக்க வெக்கம் எண்டவர். நீர் பின்னேரத்திலை கடைக்கு, கந்தோருக்கு எண்டு போற நேரம் இஞ்சை வந்து இந்த வாங்கிலை இருப்பார். எனக்கும் அவருக்கும் வேறை என்ன பாசை இருக்கு? என்ரை குசினி ஜேர்மனும் அவற்றை ஜேர்மனும் ஒண்டுக்கொண்டு சரியாயிருக்கும். கதைக்கத்தான் தடுமாறுவார். மற்றவை கதைச்சா முழுக்க விளங்கும்.

— அப்ப அன்னிக்கு மேடையில?

— அண்டைக்கும் விளங்கினது. அடுத்த நாள் இதிலை வந்திருந்து, நான் அதைச் சொல்லேல்லை, வீட்டை போகத்தான் கேட்டனான் எண்டவர்.

— அக்கா, அப்ப ஏங்க தினமும் என்கிட்ட? தெரிஞ்சுக்கிட்டே ஏங்க கேட்டாரு?

— நான் மேலை போய் றைன்ஹில்டிட்டைச் சொல்லட்டோ சுவாமி எண்டு கேட்டனான். ஒருக்கா இல்லை, நாலைஞ்சு தரம். அவர் விடேல்லை. நீ சொன்னா, நான் சொன்னா, அந்தப் பெடியன் பொய்யனாப் போயிடுவான், அவனே சொன்னாத்தான் அவனுக்கு நல்லது எண்டவர். "நான் ஒவ்வொரு நாளும் காலமை கேக்கிறன் பிளோறன்ஸ், ஒரு நாளைக்குச் சொல்லுவான்" எண்டவர்.